குறியும் நிதானமும்





இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பைத் தரலாம். தொழுகையையும் நோன்பையும் ஜகாத்தையும் பற்றிப் படிக்க வந்த இடத்தில் குறி பார்த்து எய்யும் விளையாட்டுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கக்கூடும். ஆனால் மார்க்கம் நம் பிள்ளைகளின் பள்ளிவாசல் நேரத்தை மட்டும் கவனித்து, அவர்களுடைய விளையாட்டு நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. எப்படி விளையாடுகிறானோ அப்படியே மனம் பழகுகிறது. அந்த மனத்தோடுதான் அவன் தொழுகைக்கும் வந்து நிற்கிறான். ஆகவே இது தொழுகையைப் பற்றிய பேச்சும்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதி வழியே சென்றபோது, அஸ்லம் கோத்திரத்தார் இரண்டு கட்சியாகப் பிரிந்து அம்பெய்து போட்டியிட்டுக் கொண்டிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. "வீண் வேலை" என்று கடந்து போகவுமில்லை. இஸ்மாயீல் நபியின் மக்களே என்று அவர்களை அழைத்து, அந்த மூதாதை அம்பெய்பவராக இருந்ததை நினைவூட்டி, எய்யுமாறு ஊக்கினார்கள். தாம் ஒரு கட்சியின் பக்கம் இருப்பதாகவும் சொன்னார்கள். உடனே மறு கட்சியார் கையை நிறுத்திக்கொண்டார்கள். அல்லாஹ்வின் தூதர் அவர்கள் பக்கம் இருக்கையில் நாங்கள் எப்படி எய்வது என்பது அவர்களின் மனக்குறை. அப்போது தாம் எல்லோர் பக்கமும் இருப்பதாகச் சொல்லி நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். இச்செய்தியை ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் ரிவாயத்துச் செய்ய, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். விளையாட்டிலும் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று பார்த்த அந்த அருங்குணத்தை நாம் கவனிக்க வேண்டும்.

முதுமையில் நடந்த ஸஹாபி

உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் குர்ஆனை அழகாக ஓதக்கூடிய ஸஹாபி. மிஸ்ரு நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர்கள். ஹிஜ்ரி 58இல் அங்கேயே வபாத்தானார்கள். அன்பால் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் இயன்ற அளவு வலிமையைத் தயார் செய்துகொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருப்பதற்கு, அவ்வலிமை எய்தலே என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மூன்று முறை விளக்கம் தந்ததை நமக்கு அறிவிப்பவர்களும் இவர்களே.

இந்தப் பெரியவர் தள்ளாத வயதிலும் இரண்டு இலக்குகளுக்கிடையே போவதும் வருவதுமாக அம்பெய்து கொண்டிருப்பதைக் கண்ட ஒருவர், இந்த வயதில் இது உங்களுக்குச் சிரமமாயிற்றே என்று கேட்டார். நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட ஒரு சொல் இல்லையென்றால் இந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டேன் என்று உக்பா (ரலி) அவர்கள் மறுமொழி கூறினார்கள். எய்யக் கற்றுப் பின்னர் அதைக் கைவிட்டவர் நம்மைச் சார்ந்தவரல்லர், அல்லது மாறு செய்தவர் என்ற எச்சரிக்கையே அச்சொல். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களின் கிரந்தத்தில் இது உள்ளது.

சகோதரர்களே! இரண்டு இலக்குகளுக்கிடையே நடப்பது என்றால் என்ன? ஒரு முனையில் நின்று மறுமுனையிலுள்ள குறிக்கு எய்ய வேண்டும். பிறகு நடந்து சென்று அம்பு எங்கே தைத்திருக்கிறது என்று பார்த்து, பிடுங்கி எடுத்து, அங்கிருந்து திரும்பி முதல் முனையிலுள்ள குறிக்கு எய்ய வேண்டும். எய்வது ஒரு நொடி, நடப்பதோ நெடுநேரம். அந்த நடையில்தான் மனிதன் தன் பிழையை எண்ணிப் பார்க்கிறான். கை நடுங்கியதா, மூச்சு அவசரப்பட்டதா, கண் குறியை விட்டு விலகியதா என்று தன்னைத்தானே கேட்கிறான். விரைந்து பத்து அம்பு விடுபவனுக்கு இந்தக் கேள்விக்கு நேரமில்லை. நிதானம் அல்லாஹ்விடமிருந்து வருவது, அவசரம் ஷைத்தானிடமிருந்து வருவது என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் தந்துள்ளார்கள். வில்லைக் கையிலெடுத்தவனுக்கு இது முதல் அம்பிலேயே விளங்கிவிடும்.

நம் இமாமின் பிரியம்

நம் கடற்கரைச் சீமையில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபின் இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 150இல் பிறந்து 204இல் மறைந்த அந்த மாமேதைக்கு இளமையில் இரண்டில் தீராத ஆசை இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஒன்று கல்வி, மற்றொன்று அம்பெய்தல். பத்து அம்பு எய்தால் பத்தும் குறியில் தைக்கும் அளவு தேர்ந்திருந்தார்கள். வெயிலில் நெடுநேரம் நின்று பழகுவதைப் பார்த்த மருத்துவர் ஒருவர், உடம்புக்கு நோய் வந்துவிடுமே என்று அஞ்சினாராம். பத்துக்குப் பத்து என்பது அவசரக் கைக்கு வருமா? மஸ்அலாக்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்த அதே பொறுமைதான் வில்லின் நாணிலும் இருந்தது.

நம் மத்ஹபின் பிக்ஹுக் கிதாபுகளில் பந்தய ஓட்டத்துக்கும் எய்தலுக்கும் என்றே தனிப் பாடம் இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதியவர்கள் இதை அறிவார்கள். எவ்வளவு தூரம், குறியின் அளவு என்ன, எத்தனை அம்பு, எத்தனை பட வேண்டும், முதலில் எய்வது யார் என்பவற்றை ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாடத்தின் சாரம். அம்பு குறியைத் தொட்டாலே போதுமா, துளைக்க வேண்டுமா, துளைத்து நிற்க வேண்டுமா என்பதற்குக்கூடத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பரிசை மூன்றாம் ஆள் ஒருவர் கொடுக்கலாம். இருவரில் ஒருவர் மட்டும் வைக்கலாம். இருவரும் பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வது சூதாட்டமாகிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். ஒரு விளையாட்டை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது.

துருக்கியரும் இக்கலையைப் போற்றினார்கள். 1453இல் இஸ்தான்புல்லை வென்ற இரண்டாம் முஹம்மது சுல்தான், அந்நகரில் அம்பெய்வதற்கென்றே ஒரு மைதானத்தை ஒதுக்கினார். அங்கே வில்லாளர்களுக்கெனத் தைக்காவும் இருந்தது. புதிதாகச் சேரும் மாணவன் கையில் உடனே அம்பைத் தரமாட்டார்கள். இலேசான பயிற்சி வில்லைக் கொடுத்து, அம்பில்லாமல் இழுத்து இழுத்துப் பழகச் சொல்வார்கள். கை நிலைபெற்ற பிறகே அம்பு. துப்பாக்கி வந்தபின் மங்கிப்போன அக்கலை இந்நாளில் அங்கே மீண்டும் தழைத்திருக்கிறது. 2019இல் யுனெஸ்கோ நிறுவனம் துருக்கியரின் மரபு வில்வித்தையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நம் சீமையின் கதை

தூர தேசத்துக் கதை இருக்கட்டும். குறி தவறாத கைக்கு இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளும் பேர் போனவை. இங்கே வளரி என்னும் எறிகருவி இருந்தது. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்றும், தேர்ந்த கை 100 கஜத்துக்குள் தவறாமல் வீசும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதன்பின் கும்பினியார் இப்பகுதி மக்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். கை மறந்தது. இன்று வளரியைச் சென்னை அருங்காட்சியகத்தில் பார்க்கிறோம். கற்ற கலையைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு நம் வாசலிலேயே இருக்கும் சாட்சி இது.

குறி பார்க்கும் ஆசை மட்டும் நம் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. அது போகாது, அல்லாஹ் அதை இயல்பிலேயே வைத்திருக்கிறான். நல்ல வழி காட்டாவிட்டால் தீய வழியில் போகும், அவ்வளவுதான். நம் ஆர்.எஸ்.மங்கலத்துக் கண்மாய் "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பேர் பெற்றது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையும் பறந்து கடக்க முடியாத அகலம் என்பது அச்சொல்லின் பொருள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியதும் கொக்கும் நாரையும் உள்ளானும் நீர்க்காகமும் வந்து இறங்குகின்றன. கூடவே கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டிய உண்டிவில்லோடு சிறுவர்களும் கரைக்கு வந்துவிடுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏர்கன் துப்பாக்கியோடு வருகிறார்கள்.

பெற்றோர்களே! இதைச் "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று விட்டுவிடாதீர்கள். குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன் மீது அம்பெய்து கொண்டிருந்தார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் வருவதைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். சாபம் என்பது இலேசான சொல்லா? அவ்வாறே, விரலிடுக்கில் கல் வைத்துச் சுண்டியெறிவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அது வேட்டைப் பிராணியை வீழ்த்தாது, எதிரியையும் தாக்காது. கண்ணைப் பறிக்கும், பல்லை உடைக்கும் என்று காரணமும் கூறியதை அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அவர்கள் ரிவாயத்துச் செய்கிறார்கள். உண்டிவில்லின் கல் தோழனின் கண்ணில் பட்டால் திருப்பித் தர யாரால் முடியும்?

"அடித்த பறவையைச் சாப்பிடத்தானே செய்கிறோம்" என்று சிலர் சொல்வார்கள். கல்லடியில் செத்த பறவை ஹலால் ஆகாது. மண் உண்டையால் அடிபட்டுச் செத்தது, அடித்துக் கொல்லப்பட்டதன் வகையில்தான் சேரும் என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. அத்தகையதைத் திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் தடுத்துள்ளது. மேலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம். மார்க்கமும் தடுத்து, நாட்டுச் சட்டமும் தடுத்த ஒன்றை நம் வீட்டு முற்றத்தில் பெருமையாகப் பேசிக் கொண்டிருக்கலாமா?

விரல் நுனியில் ஒரு போர்க்களம்

உண்டிவில்லாவது பிள்ளையை வெயிலில் நடக்க வைத்தது. இப்போது கைப்பேசியில் சுடும் விளையாட்டு வந்துவிட்டது. பப்ஜி 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. பெயர் மாறினாலும் அந்த வகை ஆட்டங்கள் ஒழியவில்லை. அஸருக்குப் பாங்கு சொல்லியாயிற்று, எழுந்து வா என்று தகப்பனார் அழைத்தால், "இந்தா அத்தா, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்" என்று பதில் வருகிறது. அந்த ஓர் ஆட்டத்துக்குள் எத்தனை நூறு குண்டுகள்! எத்தனை மனித உருவங்கள் விழுகின்றன! எந்தக் குண்டு எங்கே போனது என்று யார் பார்த்தார்? தவறினாலும் அடுத்த நொடியில் நூறு குண்டு தயார். தவறுக்கு வெட்கமில்லை, பட்டதற்கு நன்றியுமில்லை. இந்த அவசரம்தான் மனத்தில் படிகிறது.

உண்மையான துப்பாக்கி சுடும் போட்டியைப் பாருங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நம் நாட்டுப் பெண் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். அப்போட்டியின் தகுதிச் சுற்றில் 60 முறை சுடுவதற்கு 75 நிமிடம் தருகிறார்கள். ஒரு குண்டுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல். ஏர் ரைஃபிள் போட்டியில் 10 மீட்டர் தொலைவிலுள்ள குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். மூச்சை அடக்கி, மனம் நிலைபெறாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தூக்குகிறார்கள். இறக்கி வைக்கத் தெரிந்தவரே வெல்கிறார். அதே ஆண்டு பாராலிம்பிக்கில் ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் பகுதியைச் சேர்ந்த ஷீத்தல் தேவி வில்வித்தையில் வெண்கலம் பெற்றார். கைகளில்லாமல் பிறந்த அப்பெண் காலால் வில்லைப் பிடித்து, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து எய்கிறார். இரண்டு கையும் நல்ல நிலையில் உள்ள நம் பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் அசைத்துக் கொண்டு கிடக்கிறார்கள். அல்லாஹ் தந்த உறுப்புகளுக்கு நாம் என்ன ஷுக்ரு செய்தோம்?

எப்படித் தொடங்குவது?

பெரிய செலவு தேவையில்லை. மூங்கில் வில்லும் நான்கைந்து அம்பும் போதும். அறுவடை முடிந்த சொந்த வயலில், பின்னால் உயர்ந்த மண்கரை இருக்குமிடத்தில் வைக்கோல் கட்டை வைத்து அதில் ஒரு வட்டம் வரைந்தால் அதுவே இலக்கு. வட்டத்தில் எந்த உயிரினத்தின் உருவமும் வேண்டாம். துப்பாக்கிதான் பழக வேண்டுமென்றால் சட்டப்படி நடக்கும் பயிற்சிக் கழகத்தில், ஆசிரியரின் முன்னிலையில் மட்டுமே பழகட்டும்.

முதலில் நிய்யத்தைச் சரிசெய்ய வேண்டும். ஆரோக்கியமும், ஸுன்னத்தின் மீதுள்ள பிரியமும், மன ஒழுக்கமுமே நோக்கம். நாட்டைக் காப்பதற்கு அரசாங்கத்தின் படை இருக்கிறது. யாரையும் மிரட்டுவதற்காக வில்லை எடுப்பவன் இந்த ஸுன்னத்தைச் செய்தவனாக மாட்டான். தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள், விளையாட்டாக இருந்தாலும் சரியே. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்போடு நடப்பவர், யார் மீதும் கீறிவிடாதபடி அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் கட்டளையிட்டார்கள்.

ஒரு சுற்றுக்கு மூன்று அம்பு போதும். மூன்றும் எய்தபின் எல்லோரும் வில்லைக் கீழே வைத்துவிட்டு ஒன்றாக நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். ஒருவர் குறியருகே இருக்கையில் மற்றவர் நாணில் அம்பு பூட்டக்கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும். பணம் வைத்து ஆடக்கூடாது. தவறியவனைக் கேலி செய்யக்கூடாது. பாங்கு கேட்டால் அடுத்த அம்பு உறையிலேயே இருக்கட்டும். மஃரிபுக்குப் பின் நாளை என்று ஒன்று இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் வீட்டு முற்றத்தில் வசதி செய்து கொடுங்கள்.

அம்பும் தொழுகையும்

சகோதரர்களே! தொழுகையில் காக்கை கொத்துவதுபோல ஸஜ்தா செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவசரமாகத் தொழுதுவிட்டு வந்து ஸலாம் சொன்ன ஒரு மனிதரை, நீர் தொழவேயில்லை என்று மூன்று முறை திருப்பியனுப்பினார்கள். ருகூவிலும் ஸஜ்தாவிலும் உறுப்புகள் அமைதி பெற்று நிலைகொள்வது நம் மத்ஹபில் கட்டாயக் கடமை. தக்பீர் தஹ்ரீமாவோடு நிய்யத்தும் சேர்ந்து நிற்க வேண்டும் என்றும் நம் இமாம்கள் விதித்துள்ளார்கள். நாணை இழுத்து, குறியைக் கண்ணால் பற்றி, மனம் ஒருமித்த பிறகு விடுபவனுக்கு இந்தச் சட்டங்கள் பாரமாகத் தோன்றா. ஒரு நாளில் நூறு தடவை அவசரப்பட்டுப் பழகியவனுக்கு நான்கு ரக்அத்தும் மலையாகத் தெரிகிறது.

உஹதுப் போரை நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களின் தலைமையில் 50 வில்லாளர்கள் ஒரு குன்றில் நிறுத்தப்பட்டார்கள். என்ன நேர்ந்தாலும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அதன் விளைவு நாம் அறிந்ததே. அன்று அவர்களின் அம்பு குறி தவறியதால் இழப்பு வரவில்லை. காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திராததால் வந்தது.

இன்னொன்றையும் வில் கற்றுத் தருகிறது. அம்பு கையை விட்ட பிறகு நம்மால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காற்று அடிக்கலாம், இறகு கோணலாக இருக்கலாம். பத்ருக் களத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கைப்பிடி மண்ணை எறிந்தபோது, உண்மையில் எறிந்தவன் தானே என்று அல்லாஹுத் தஆலா அன்பால் அத்தியாயத்தின் 17ஆம் வசனத்தில் அறிவிக்கிறான். முயற்சியை அழகாகச் செய்வது அடியானின் வேலை; சேர்ப்பது அவன் வேலை. பரீட்சை எழுதிய பிள்ளையும், மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிய விவசாயியும், வெளிநாட்டில் உழைக்கும் மகனுக்காகக் கையேந்தும் தாயும் இந்தப் பாடத்தையே படிக்கிறார்கள். அவசரப்பட்டுப் பலனைத் தேடுபவன் தவக்குலை இழக்கிறான்.

ஆகவே பெற்றோர்களே, வாரத்தில் ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு நீங்களும் வயலுக்கு நடங்கள். மூன்று அம்பு எய்யட்டும். அவனோடு சேர்ந்து நடந்து போய்ப் பாருங்கள். தவறியிருந்தால் ஏன் என்று அவனே சொல்லட்டும். கண்மாய்க் கரையில் கொக்கு நிம்மதியாக மேயட்டும். அந்த நடையில் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நடக்கும் பேச்சு, நாம் எழுதும் பத்துக் கட்டுரைகளை விட அதிகப் பலன் தரும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களை ஹராமை விட்டும், கைகளை அநியாயத்தை விட்டும், உள்ளங்களை அவசரத்தை விட்டும் காப்பாயாக! அவர்களுடைய விளையாட்டையும் உனக்குப் பொருத்தமானதாக ஆக்குவாயாக! எங்கள் தொழுகைகளில் நிதானத்தையும் அச்சத்தையும் தருவாயாக! உன் தூதரின் ஸுன்னத்துகளில் நாங்கள் மறந்தவற்றை மீண்டும் எடுத்து நடக்கும் தௌபீக்கை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.